நான் எழுதாமல் விட்ட வாக்கியம்

2011-இல் ஒரு வார இதழுக்கு ஹோமியோபதி ஆராய்ச்சி பற்றி நான் எழுதிக்கொடுத்த கட்டுரையில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. ஆனாலும் அது நேர்மையற்ற கட்டுரை. எதைச் சொன்னால் படிப்பவர் நம்புவார், எதைச் சொன்னால் தயங்குவார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நம்ப வைப்பதை எல்லாம் எழுதினேன். தயங்க வைப்பதைப் படித்துவிட்டு ஓரமாக எடுத்து வைத்தேன். அந்தக் கட்டுரையை நம்பி ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். அவர் என் பெரியப்பா மகள்.

கட்டுரைக்குத் தூண்டுதல் மும்பை ஐஐடி. அங்கே சில ஆய்வாளர்கள் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், பிளாட்டினம் ஆகியவற்றிலிருந்து செய்யப்பட்ட ஹோமியோபதி மருந்துகளைக் கடையில் வாங்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 30 பவர், 200 பவர் மருந்திலும் அந்தந்த உலோகத்தின் நானோ துகள்கள் தென்பட்டதாக 2010-இல் ஆய்வுத்தாள் வெளியிட்டார்கள்.

இது ஏன் பெரிய செய்தி என்றால், கணக்குப்படி அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு பங்கு மூலப்பொருளை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் 99 பங்கில். இப்படி முப்பது தடவை செய்தால் அது 30 பவர். ஜெர்மனியில் சாமுவேல் ஹானிமன் வகுத்த முறை இது. பிளஸ் டூவில் படித்த அவகாட்ரோ எண்ணை வைத்துப் பார்த்தால், 12-ஆவது படியைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. 30-ஆவது படியில் எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறது என்று எழுத ஒன்றுக்குப் பக்கத்தில் அறுபது சைபர் போட வேண்டும். இருநூறு ஆண்டுகளாக ஹோமியோபதியை மறுப்பவர்கள் முதலில் எடுத்துவைக்கும் வாதமும் இதுதான். அதற்கு நம் நாட்டு ஐஐடி பதில் சொல்லிவிட்டது என்று எழுதினேன். தலைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் கொடுத்தேன்.

அந்த ஆய்வுத்தாளை நான் முழுதாகப் படித்திருந்தேன். அதில் நோயாளி என்று ஒருவரும் இல்லை. மருந்தில் துகள் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அது யாருக்காவது எதையாவது குணப்படுத்துகிறதா என்று பார்க்கவில்லை. சோதித்தவை உலோகங்கள் மட்டும். பெல்லடோனா, நக்ஸ் வாமிகா போன்ற தாவர மருந்துகள் அதில் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, 6 பவரிலிருந்து 200 பவர் வரை துகளின் அளவு பெரிதாகக் குறையவில்லை என்றது அந்தத் தாள். அப்படியானால் பவர் கூடக் கூட மருந்தின் வேகம் மாறும் என்று டாக்டர்கள் சொல்வதற்கு அடிப்படை என்ன? எந்தத் தாளை ஆதாரமாகக் காட்டினேனோ, அதுவே ஹோமியோபதியின் அடிக்கொள்கை ஒன்றைக் கேள்விக்குள்ளாக்கியது. அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டேன். கட்டுரையில் எழுதவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். கிளாவ்ஸ் லிண்டே குழுவினர் 89 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 1997-இல் லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். கிடைக்கும் பலன் முழுக்க முழுக்க மனநம்பிக்கையால் வருவது என்று கொள்ள முடியவில்லை என்பது அவர்கள் முடிவின் முதல் பாதி. அதை அப்படியே எடுத்துப் போட்டேன். எந்தத் தனி நோய்க்கும் இது தெளிவாகப் பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அடுத்த வாக்கியம். முதல் வாக்கியத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். 1999-இல் அதே குழு அதே சோதனைகளை மறுபடி அலசி, சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்ததோ அவ்வளவுக்குப் பலன் சுருங்குகிறது என்று எழுதியதும் எனக்குத் தெரியும். 2005-இல் ஐஜிங் ஷாங், மத்தியாஸ் எகர் குழு ஹோமியோபதிச் சோதனைகள் 110, ஆங்கில மருத்துவச் சோதனைகள் 110 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பெரிய, தரமான சோதனைகளை மட்டும் பிரித்தபோது ஆங்கில மருந்தின் பலன் நின்றது. ஹோமியோபதியின் பலன், வெறும் மாத்திரையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கரைந்தது. இதுவும் லான்செட்டில்தான் வந்தது, என் கோப்பில் இருந்தது. கட்டுரையில் ஷாங் என்ற பெயரே வராது.

ஏன் செய்தேன்? நீளம் கருதி விட்டுவிட்டேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எங்கள் வீட்டில் சளி, காய்ச்சல், மாந்தம் எல்லாவற்றுக்கும் அம்மா அந்தச் சர்க்கரை உருண்டைகளைத்தான் கொடுப்பாள். சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடியில் டாக்டர் பேனாவால் எழுதிய சுருக்கெழுத்து, காலையில் நாலு, ராத்திரி நாலு, காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. சளி தானாகவே ஒரு வாரத்தில் போகக்கூடியது என்று எழுதினால் அம்மாவை மறுத்தது போலாகும் என்று கை தயங்கியது. இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்லக் கூசுகிறது. வாசகர் கடிதத்துக்கு ஆசைப்பட்டேன். மறுத்து எழுதினால் யாரும் கடிதம் போட மாட்டார்கள். நிரூபணமாகிவிட்டது என்று எழுதினால் போடுவார்கள். போட்டார்கள், கட்டுக்கட்டாக. ஒரு டாக்டர் கட்டுரையைச் சட்டம் போட்டுத் தன் கிளினிக்கில் மாட்டினார். அதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

முதலில் சொன்ன பெரியப்பா மகள் எனக்கு அக்கா. அக்காவுக்குத் தைராய்டு குறைபாடு. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை போட வேண்டும். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. என் கட்டுரையைப் படித்த பிறகு ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் நல்ல மனிதர். அக்காவின் தூக்கம், கனவு, கோபம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வேறு எந்த டாக்டரும் அக்காவிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. தைராக்ஸினை நிறுத்தச் சொன்னவரும் அவர் இல்லை. அக்காவே நிறுத்திக்கொண்டார்.

தைராக்ஸினை நிறுத்தியதும் உடனே ஒன்றும் தெரியாது. உடம்பில் இருக்கும் ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தார். உருண்டை வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். அப்புறம் முகம் ஊதியது. குரல் தடித்தது. சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்தார். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும். அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கனத்த நாக்கோடு மெதுவாகப் பேசினார்.

"நீ எழுதுனதத்தானே தம்பி படிச்சேன். ஐஐடிலயே சொல்லிட்டாங்கன்னு போட்டிருந்தியே."

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ரெண்டையும் சேத்து எடுத்துருக்கணும்க்கா" என்றேன். பழியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். கட்டுரை எழுதியதைவிட இந்த ஒரு பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தைராக்ஸினை மறுபடி ஆரம்பித்ததும் மெல்ல மெல்லத் தேறினார். என்மேல் அவருக்கு இன்றும் கோபமில்லை.

அதன் பிறகும் வாய்ப்புகள் வந்தன. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 176 ஆய்வுகளை எடுத்து 61 நோய்நிலைகளுக்குப் பரிசீலித்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று ஒரு நோய்க்கும் இல்லை என்றது. ஆசிரியர் எழுதச் சொன்னார். வேறு வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். 2020 ஜனவரியில் ஆயுஷ் அமைச்சகம் கொரோனாத் தடுப்புக்கு ஆர்சனிகம் ஆல்பம் 30 பவரை மூன்று நாள் வெறும் வயிற்றில் எடுக்கலாம் என்று அறிவித்தது. எங்கள் தெருவிலும் பொட்டலம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "நீங்கதான் இதைப் பத்தி எழுதிருக்கீங்களாமே" என்று கேட்டபோது தலையை மட்டும் அசைத்தேன்.

பின்னால்தான் இந்த ஆராய்ச்சியின் வரலாற்றை ஒழுங்காகப் படித்தேன். 1835-இல் நியூரம்பெர்க் நகரில் ஒரு சோதனை நடந்தது. உப்பை 30 படி நீர்த்து ஐம்பது குப்பிகளிலும், வெறும் பனிநீரை ஐம்பது குப்பிகளிலும் நிரப்பினார்கள். எதில் எது என்பதைப் பட்டியலாக எழுதி முத்திரை வைத்தார்கள். குப்பியைக் கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. முடிவு சொன்ன ஐம்பது பேரில் 42 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதோ உணர்ந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் குடித்தது உப்பு மருந்து. மூன்று பேர் குடித்தது வெறும் நீர்.

பாரிஸ் அருகே கிளாமார்ட்டில் 1988-இல் நடந்ததைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஜாக் பென்வெனிஸ்ட்டின் ஆய்வுக்கூடம், மூலக்கூறே இல்லாத அளவுக்கு நீர்த்த எதிர்ப்பொருள்கூட ரத்த அணுக்களைத் தூண்டுகிறது என்று நேச்சர் இதழில் எழுதியது. நேச்சரின் ஆசிரியர் ஜான் மேடக்ஸ், வால்டர் ஸ்டூவர்ட், மந்திர வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி மூவரும் நேரில் போனார்கள். எந்தக் குழாயில் எது என்ற குறிப்பை உறையில் போட்டு ஒட்டி, கைக்கெட்டாதபடி உட்கூரையில் பொருத்தினார்கள். எண்ணுபவருக்கு எது எதுவென்று தெரியாதபோது அந்த விளைவு காணாமல் போனது. அந்தக் கூடம் தன் ஆசையைத் தானே நம்பிவிட்டது என்பதே மூவரும் கண்ட முடிவு.

அந்தக் கூடத்தில் அணுக்களை எண்ணியவர்கள் தெரியாமல் தங்களை ஏமாற்றிக்கொண்டார்கள். நான் தெரிந்தே செய்தேன். என் மேசைக்கு மேலே உறை எதுவும் இல்லை. எந்த ஆய்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்.

போன மாதம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்ப அதையும் எழுது" என்றார். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் படித்து, தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ ஆஸ்துமாவுக்கோ வலிப்புக்கோ போட்டுக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தியிருந்தால், இந்த வாரமே உங்கள் பழைய டாக்டரிடம் போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள். என்ன படித்து நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டால், தயங்காமல் என் கட்டுரையைக் காட்டுங்கள்.