பதினாயிரம் ஏரி நாட்டில் ஒரு பழைய படகு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியில், கனடாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது மின்னசோட்டா மாநிலம். ‘பதினாயிரம் ஏரிகளின் நாடு’ என்பது அதற்கு வழங்கும் சிறப்புப் பெயர். பெருமைக்காகக் கூட்டிச் சொன்னதென்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 என்று அம்மாநிலத்தார் கணக்குத் தருகின்றனர். நம் நாட்டு ஏரிகளில் மிகப் பல மனிதர் கரை கட்டித் தேக்கியவை. அங்குள்ளவையோ, ஒரு காலத்தில் நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகி விலகியபோது விட்டுச் சென்ற பள்ளங்கள்.

யமுனையை ரெயில் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய டில்லிவாசிகளான நாங்கள், சென்ற கோடையில் மினியாபொலிஸ் நகரில் எங்கள் தம்பியின் வீட்டில் இரண்டு மாதம் தங்கினோம். அங்கே பல வீடுகளின் முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் ஒரு படகும் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் சாலையில் செல்லும் வண்டிகளில் பலவற்றின் பின்னால், இரு சக்கர இழுவண்டியில் ஒரு படகு தொடர்ந்து செல்வதைக் காணலாம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்ந்தும் ஏரியைக் கரையிலிருந்தே கண்டு வந்த தம்பிக்குத் தானும் ஒரு படகு வாங்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. புதிய படகின் விலையோ கைக்கு எட்டுவதாக இல்லை. பழைய அலுமினியப் படகு ஒன்றைத் தேடுவதென்று முடிவாயிற்று. அவன் மனைவி எங்களிடம் வந்து, “அக்கா, படகு பழையதாக இருக்கட்டும். ஆனால் அதில் என் இரண்டு குழந்தைகளும் ஏறப்போகிறார்கள் என்பதை அவர் மறக்காமல் வாங்கட்டும்” என்றாள். அதன் பின்னர் அது வெறும் பொழுதுபோக்கு விஷயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அலுமினியப் படகு அந்நாட்டில் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. போர் விமானங்கள் செய்துவந்த கிரம்மன் கம்பெனியார், இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல், அதே உலோகத் தகட்டைக் கொண்டு ஓடங்கள் செய்யத் தொடங்கினர். மின்னசோட்டாவிலேயே 1946-ல் அலுமாகிராப்ட் கம்பெனியும், 1948-ல் லண்ட் கம்பெனியும் தோன்றின. தகடுகளை ரிவெட் ஆணிகளால் பிணைக்கும் விமான வேலை படகு வேலையாயிற்று. அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்வதில்லை; காற்றுப் பட்டவுடன் அதன்மேல் படியும் மெல்லிய படலமே அதற்குக் காப்பு. ஆகவே தாத்தா வாங்கிய படகில் பேரன் மீன் பிடிப்பது அங்கே வியப்பன்று.

தம்பியின் அண்டை வீட்டுக்காரர் ஒரு முதியவர், ஏரியிலேயே வளர்ந்தவர். அவரும் எங்களுடன் வந்தார். முதலில் பார்த்த படகு புதிதாக வர்ணம் பூசிப் பளபளவென்று இருந்தது. குழந்தைகளுக்கு அதன் சிவப்பு நிறம் மிகவும் பிடித்துவிட்டது. முதியவரோ வர்ணத்தைப் பார்க்கவேயில்லை. நேரே பின்புறம் சென்று, மோட்டாரின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். மோட்டாரோடு படகின் பின்சுவரும் அசைந்தது. அலுமினியப் படகேயானாலும், மோட்டாரைத் தாங்கும் அச்சுவருக்குள் இருப்பது மரப்பலகைதான். அது ஊறி உளுத்துவிட்டால், ஓடும்போது மோட்டார் படகை விட்டுப் பிரிந்து போகக்கூடும். பலகையை மாற்றலாம். ஆனால், உளுக்காமலிருக்கத் தாமிர மருந்தேற்றிய மரத்தை அங்கே வைக்கக்கூடாது. ஈரத்தில் தாமிரம் அலுமினியத்தை அரித்துவிடும். இவற்றையெல்லாம் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். சிவப்புப் படகை விட்டுவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது படகைப் பார்க்க வடக்கே சுமார் 100 மைல் சென்றோம். அங்கே மில் லாக்ஸ் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. 200 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு. ஆனால் மிக ஆழமான இடத்திலும் 42 அடிதான். கரையோரத்தில் ஒரு வீட்டின் பின்புறம், 1986-ல் செய்யப்பட்ட பதினான்கடிப் படகு நின்றிருந்தது. நிறம் மங்கி, இங்குமங்கும் நசுங்கிப் பார்வைக்கு ஏழையாகவே காணப்பட்டது. முதியவர் ரப்பர்க் குழாயைக் கேட்டு வாங்கி, இழுவண்டிமேல் இருந்தபடியே படகினுள் நான்கு விரற்கடை நீர் பாய்ச்சினார். பாத்திரக் கடையில் குடத்தில் நீரூற்றிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களின் நினைவு எங்களுக்கு வந்தது. படகின் கீழே குனிந்து பார்த்தோம். இரண்டே ஆணிகளில் நீர் துளித்தது. உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியைப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியால் தட்டினால் அவை இறுகிவிடும் என்றார். பின்சுவர் அசையவில்லை. மோட்டாரின் பற்சக்கர எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தார். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருளாம். அந்நீர் பனிக்காலத்தில் உறைந்து உறையையே பிளந்துவிடும். எண்ணெய் தெளிவாகவே இருந்தது.

உட்புறத்தில் சிறு தகடு ஒன்றில், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருந்தது. 1972 நவம்பருக்குப் பின் செய்யப்பட்ட இத்தகைய படகுகளில் அத்தகடு இருக்க வேண்டும். அதற்கு முந்திய படகானால், நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கிப் பதினைந்தால் வகுக்க வேண்டும். வருவதே ஆட்களின் எண்ணிக்கை. நீர் நிறைந்தாலும் மூழ்காதபடி ஆசனங்களின் கீழ் நுரைக் கட்டிகள் வைத்திருப்பார்கள். அவை நீர் ஊறிக் கனத்துப் போயிருக்கின்றனவா என்பதையும் கை வைத்துப் பார்த்துக்கொண்டோம். படகின் பதிவுச் சீட்டையும், இழுவண்டியின் சீட்டையும் தனித்தனியே வாங்கிச் சரிபார்த்த பிறகே தம்பி பணத்தைக் கொடுத்தான்.

விற்றவர் மனைவியை இழந்தவர். இனி ஏரிக்குச் செல்வதில்லை என்றார். புறப்படும்போது அவர் தம்பியைத் தனியே அழைத்து, “இந்த ஏரிக்கு இதைக் கொண்டு வராதீர்கள். அகலம் அதிகம், ஆழம் குறைவு. காற்றெழுந்தால் நொடியில் அலை உயரும். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறிய ஏரிகளே இதற்கு ஏற்றவை” என்று சொல்லி அனுப்பினார். பொருளை விற்ற பின்பும் அதன் குறையைக் கூறும் மனிதரை நாங்கள் எங்கும் அதிகமாகக் கண்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகு நீரில் இறங்கியது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் படகு ஓடும்போது மிதவைச் சட்டை அணிந்தே தீரவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். எங்கள் வீட்டுச் சட்டமோ பெரியவர்களையும் விடவில்லை. கரையேறியதும் அடித்தக்கையைப் பிடுங்கி நீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் செல்ல வேண்டும். 1988-ல் பேரேரிகளில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி என்னும் அயல்நாட்டுச் சிப்பி, ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் படகு வழியாகப் பரவாமலிருக்க இந்த ஏற்பாடு.

அந்நாட்டில் பிள்ளைகளைக் கொண்ட அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறீர்கள். பழைய படகு வாங்கப்போவதாக அவர்கள் தொலைபேசியில் கூறினால் அஞ்சி மறுக்க வேண்டாம். பின்சுவரை அசைத்துப் பார்த்தாயா, நீரூற்றிப் பார்த்தாயா, தகட்டைப் படித்தாயா, சட்டை எத்தனை வாங்கினாய் என்று கேளுங்கள். நான்குக்கும் நல்ல விடை வந்தால், தாராளமாக ஆசி கூறுங்கள்.