காவலும் நாமும்

காவல் நிலையம் என்றாலே எங்கள் தெருவில் குரல் தாழ்ந்துவிடும். கையெழுத்திடத் தெரியாத என் தந்தை, இருமுறை சைக்கிள் களவுபோயும் புகார் கொடுக்கப் போனதில்லை. கள்வனைவிடக் காக்கிச் சட்டைக்கே அவர் அஞ்சினார்.

இவ்வச்சத்தைப் போக்கவே 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். இரவு ரோந்திலும் திருவிழாக் கூட்டத்திலும் பொதுமக்கள் காவலருக்குத் தோள்கொடுத்தனர். நல்ல நோக்கமே! ஆயினும் 2020-இல், சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மாண்டபோது, இவ்வியக்கத்தினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் அரசு இயக்கத்தைத் தடைசெய்தது.

நண்பர்களே! லத்தியில் பங்கு கேட்பதா நட்பு? காவலர் தவறினால் தட்டிக்கேட்பதன்றோ நட்பு! எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுதிக்கொடுத்து, துணைக்கு உடன் செல்வோம். கல்வி பெற்ற நாம் ஊருக்குச் செய்யத்தக்க காவல் அதுவே.