வாயால் எழுதியவர்

‘இந்திரமோகனா’ நாடகத்தை வை.மு.கோதைநாயகி அம்மாள் வாயால்தான் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்குச் சரளமாக எழுத வராது, சொல்ல வரும். 1924-இல் நாடகம் அச்சானது. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். மொத்தம் 115 நாவல்கள்.

கோவை காந்திபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கதை எழுதப் பழக்குகிறேன். “எனக்கு எழுதவெல்லாம் வராதுங்கக்கா” என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பிப்பார்கள். வை.மு.கோ.வின் கதையைச் சொல்லிவிட்டுப் பேனாவை நான் வாங்கிக்கொள்வேன். அவர்கள் சொல்லட்டும், நான் எழுதுகிறேன்.

வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். தானே எழுதியபோது ஒரு பெண், “மாமியார் மிகுந்த மனவேதனை அடைந்தார்” என்று எழுதியிருந்தார். என்ன நடந்தது, சொல்லுங்கள் என்றேன். “தட்டத்தைத் தள்ளி வெச்சுட்டு, ‘எனக்கொண்ணும் வேண்டாஞ் சாமி’ன்னு கெழக்கால திரும்பி உக்காந்துட்டாங்க” என்றார். அந்த ஒரு வரியில் மாமியாரும் இருக்கிறார், வீடும் இருக்கிறது. சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வேன், ஒரு சொல்லையும் திருத்தமாட்டேன். பிறகு உரக்கப் படித்துக் காட்டுவேன். எங்கே சுற்றி வளைக்கிறது, எங்கே பொய்யாகிறது என்று சொன்னவர் காதுக்கே பிடிபடும்.

வை.மு.கோ.வின் நாவல்களில் உபதேசம் நீளும் இடங்கள் உண்டு. ஆனால் பாத்திரங்கள் பேசத் தொடங்கிவிட்டால் பக்கம் ஓடும். வீட்டைவிட்டு எங்கோ போய் அவர் அந்தக் காதைச் சம்பாதிக்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். மாமியாரிடம் கைவைத்தியம் கற்றார். அண்டை வீடுகளில் பிரசவம் பார்த்தார். வலியில் கிடக்கும் பெண் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டவருக்கு வசனம் எழுத வேறு பயிற்சி எதற்கு?

கணவர் பார்த்தசாரதி துணைநின்றார். காந்தியைச் சந்தித்தபின் வை.மு.கோ. பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1932-இல் மறியல் செய்து சிறைக்குப் போனார். எங்கள் காந்திபுரத்து மத்திய சிறையைக் கடக்கும்போதெல்லாம் அங்கே செக்கிழுத்த வ.உ.சி. நினைவுக்கு வருவார், கூடவே, வேறொரு சிறைக்குள் இருந்து நாவல் எழுதிய இந்த அம்மாளும். காந்தி மறைந்த 1948-இல் அவர் பெயரில் சேவா சங்கம் தொடங்கிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைத்தொழில் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். குடும்பம், சேவை, எழுத்து என்று நாம்தான் பிரித்துப் பேசுகிறோம். மூன்றையும் அவர் ஒரே வேலையாகத்தான் பார்த்தார் என்றே எனக்குப் படுகிறது.

1956-இல் ஒரே மகன் ஸ்ரீநிவாசன் இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் மீளவே இல்லை. 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார்.

உங்கள் வீட்டிலும் எழுத வராது என்று சொல்லும் அம்மாவோ அத்தையோ அப்பத்தாவோ இருப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பட்டம்மாள் வேலையை நீங்கள் செய்யுங்கள்.