டாங்க் எவ்வளவு, தூரம் எவ்வளவு?

மோட்டார் சைக்கிளைப் பற்றி நம்மில் பலருக்கு இரண்டே இரண்டு விஷயம்தான் தெரியும். பின் சீட்டில் உட்காரும்போது புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். சைலன்ஸரில் கால் பட்டால் சுடும். டாங்க்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும், அது எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதெல்லாம் வீட்டு ஆண்களின் சமாசாரம். எனக்கும் 2019-ம் வருஷம் வரை அந்தக் கணக்குக்கு அவசியம் வந்ததில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் செய்தாள். "அம்மா, அடுத்த மாசம் லடாக் போறோம். நாங்க மூணு பேரு, மூணும் பொண்ணுங்க. அவங்கவங்க வண்டியில."

அவளுடைய வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சி.சி. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. செய்தி கேட்டதும் என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். மாமியார், "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, மலையில போய் விழுந்து வைக்கணுமா?" என்று ஆரம்பித்தார். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? ஆனால் "போகாதே" என்று சொன்னால் அவள் சொல்லாமல் போவாள். அதைவிட, என்னென்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல் என்று பட்டது. "சனி ஞாயிறு திருச்சிக்கு வா. போற வழியைக் காகிதத்தில எழுதிக் காட்டு" என்றேன்.

வந்தாள், எழுதிக் காட்டினாள். மணாலியிலிருந்து லே வரை கிட்டத்தட்ட 475 கிலோமீட்டர். ரோத்தாங் கணவாயைத் தாண்டினால் தாண்டி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். அதன் பக்கத்தில் ஒரு பலகை: "அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்." அந்தப் பலகையின் படத்தை செல்போனில் காட்டினாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. திருச்சியிலிருந்து சென்னையே 330 கிலோமீட்டர்தான். வழியெல்லாம் பங்க்குகள். இங்கே வெறும் மலையும் வானமும்!

"கவலையே படாதேம்மா. டாங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 30 கொடுக்குது. 450 கிலோமீட்டர் தாராளமா போகும்."

கணக்கு சரிதான். ஆனால் குடும்பம் நடத்துகிறவள் அப்படிக் கணக்குப் போடமாட்டாள். மாதக் கடைசியில் அரிசி டிரம்மின் அடியில் கிடக்கும் இரண்டு ஆழாக்கை நாம் சமையலுக்கு என்று எண்ணுவதில்லை. திடீரென்று யாராவது வந்தால் இருக்கட்டும் என்று விட்டு வைப்போம். டாங்க்கிலும் அப்படி ஓர் அடி உண்டு. அதைத்தான் ரிசர்வ் என்கிறார்கள்.

"சரிடி, அந்த 30 எந்த ரோட்டில கிடைச்சது?"

"மைசூர் ரோட்டில."

"மூட்டை முடிச்சோடவா?"

பதில் இல்லை. சிரித்துவிட்டு பேனாவை எடுத்தாள்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். மலை ஏறும்போது சின்ன கியரில்தான் போக வேண்டும். பெட்ரோல் கூடச் செலவாகும். பின்னால் கட்டிய மூட்டையின் கனம், எதிர்க்காற்று, சேறு, ஓடைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த வழியில் பாரலாச்சா லா 16,000 அடி, தங்லங் லா 17,000 அடிக்கும் மேல். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துபோகும். நமக்கு மூச்சு வாங்குகிற மாதிரி எஞ்சினுக்கும் பலம் குறைந்துவிடும்.

ஆகவே லிட்டருக்கு 25 என்று வைத்துக்கொண்டோம். 15 லிட்டரில் 3 லிட்டரை அடி அரிசியாக ஒதுக்கினோம். பாக்கி 12 லிட்டர். 12 தரம் 25, 300 கிலோமீட்டர். 365-க்கு 65 குறைகிறது! ஒரு 5 லிட்டர் கேன் கூட இருந்தால் இன்னும் 125. மொத்தம் 425. வழி தவறினாலும் 60 கிலோமீட்டர் கையில் இருக்கும்.

"இதைவிடப் பெரிய டாங்க் உள்ள வண்டி இல்லையா?" என்று கேட்டேன். இருக்கிறதாம். பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஆர் 1250 ஜி.எஸ். வண்டிக்கு 20 லிட்டர். அதிலேயே அட்வென்ச்சர் என்ற வகைக்கு 30 லிட்டர். ஆனால் பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ எடை. 30 லிட்டர் என்றால் 22 கிலோ. ஓர் அரிசி மூட்டையை மடிக்கு முன்னால் உயரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. நிற்கும்போது கால் எட்டாத பெண்ணுக்கு அது பெரிய பாரம். டாங்க் பெரிதானால் மட்டும் போதாது, அதைத் தாங்குகிற ஆளும் வேண்டும் என்று புரிந்தது.

அப்போதுதான் ஈஸிசேரில் இருந்த என் கணவர் நாலு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "கேனை எங்க கட்டுவே?"

அவர் வந்து உட்கார்ந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கவே கூடாது, பெட்ரோலுக்கென்றே செய்த, மூடி இறுக்கமான கேன்தான் வேண்டும் என்றார். கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால் கழுத்து வரை ஊற்றக் கூடாது. சைலன்ஸர் சூடு படாத பக்கம் கட்ட வேண்டும். எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகுதான் டாங்க்கில் ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சண்டிகர் வரை வண்டிகள் ரயில் பார்சலில் போயின. டாங்க்கைக் காலி செய்தால்தான் ஏற்றுவார்கள். அங்கே இறக்கியதும் டாங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, மணாலி போய் மறுபடி நிரப்பச் சொல்லியிருந்தேன். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது தரம் பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும். மூட்டையோடு, மலை ரோட்டில் 27 கிடைத்தது என்று போன் வந்தது. எங்கள் 25 சரியான கணக்குதான் என்று நிம்மதி.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். டாங்க் 300 கிலோமீட்டர் போகும், உடம்பு போகாது. நாம் என்ன செய்கிறோம்? வெளியூர் கிளம்பும் நாளில் பாத்ரூம் போக இடம் இருக்காதே என்று தண்ணீரே குடிப்பதில்லை. ஊர்ப்பக்கம் பெட்ரோல் பங்க்கிலாவது ஒரு பாத்ரூம் இருக்கும். பங்க்கே இல்லாத வழியில்? தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பும் தொற்றும் வரும். உயரமான இடத்தில் உடம்பு வறண்டால் தலைவலி, மயக்கம் வேறு. அதனால் இரண்டு மணிக்கு ஒரு தரம் கட்டாயம் நிறுத்துவது, தண்ணீர் குடிப்பது, ஒருத்தி போகும்போது மற்ற இருவரும் குடையும் போர்வையும் பிடிப்பது என்று மூன்று பேரிடமும் வாக்கு வாங்கினேன். உயரம் உடம்புக்குப் பழக, ஜிஸ்பாவில் ஒரு ராத்திரி, சர்ச்சுவில் ஒரு ராத்திரி என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஜிஸ்பாவைத் தாண்டியதும் போன் எடுக்கவில்லை. இரண்டு நாள் என் கணவர் நொடிக்கொரு தரம் காலண்டரைப் பார்த்தார். மாமியார் விளக்கேற்றி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, இந்நேரம் இங்கே இருப்பாள், டாங்க்கில் இவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன். கவலை போகவில்லை, ஆனால் கைக்கு ஒரு வேலை இருந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி லேயிலிருந்து குரல் வந்தது. "அம்மா, என் வண்டி கேனைத் தொடவே இல்லை. காருவில நிரப்பினேன், 12 லிட்டர்தான் பிடிச்சுது. உன்னோட அடி அரிசி அப்படியே இருந்தது."

"பின்னே கேன்?"

"கூட வந்தவளுக்கு ஊத்திட்டோம். அவ வண்டி டாங்க் 13.5 லிட்டர். லிட்டருக்கு 35-னு கணக்கு வெச்சிருந்தா. தங்லங் லாவுக்கு முன்னாடியே முள் சிவப்புக்கு வந்துடுச்சு. சுத்துமுத்தும் ஒரு ஆளில்லை. அவ அழுதே போயிட்டா."

கூட்டமாகப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இது. மூன்று வண்டியில் எதன் தூரம் குறைவோ, அதுதான் மூன்று பேருக்கும் தூரம். கணக்கை எல்லோருமாகச் சேர்ந்து போட வேண்டும்.

லடாக் போகாதவர்களுக்கும் இது உதவும். நம் ஸ்கூட்டர்களில் ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். ஒரு தரம் நிரப்பி, மீட்டரைக் குறித்து, அடுத்த தரம் நிரப்பும்போது வகுத்துப் பாருங்கள். கம்பெனி சொன்னது வேறு, உங்கள் தெருவில் கிடைப்பது வேறு என்று தெரியும். மின்சார ஸ்கூட்டருக்கும் இதே விதிதான்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ வண்டியில் வெளியூர் கிளம்பினால், "இவ்வளவு தூரமா!" என்று மலைப்பதற்கு முன்னால் டாங்க் எவ்வளவு, எங்கெங்கே நிரப்புவாய், எங்கெங்கே இறங்கித் தண்ணீர் குடிப்பாய் என்று கேளுங்கள். பதில் இருந்தால் நமக்குத் தைரியம் வரும். பதில் இல்லாவிட்டால் பேனாவையும் காகிதத்தையும் எடுத்து வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.