எந்த வெளிச்சத்தில்?

தி.நகர் பட்டுக்கடைகளில் எந்த முகூர்த்த சீசனிலும் மாறாத காட்சி ஒன்று உண்டு. கையில் புடவையோடு இரண்டு மூன்று பெண்கள் வாசலுக்கு வருவார்கள், பின்னாலேயே விற்பனைப் பையன். "உள்ள லைட்ல அப்படித்தான் தெரியும்க்கா. வெளியில பாருங்க, நல்ல அரக்கு." உஸ்மான் ரோட்டு இரைச்சலில் நின்றுகொண்டு முந்தானையைத் தோளில் போட்டு, தலையைச் சாய்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். நிஜ நிறம் தெரிந்துவிட்டது, பில் போடலாம்.

அந்தப் புடவையைக் கட்டப்போவது கல்யாண மண்டபத்தில், வீடியோகாரர் விளக்குக்குக் கீழே. வெயிலை அது பார்க்கப்போவது கார் கதவிலிருந்து மண்டப வாசல்வரைதான். ஆனாலும் வெயிலில் தெரிவதுதான் நிஜம், விளக்கில் தெரிவது ஏமாற்று. நகைக்கடையில் தங்கத்துக்கு மஞ்சள் விளக்கு, வைரத்துக்கு வெள்ளை விளக்கு, பொட்டலம் கட்ட ரோஸ் காகிதம். அங்கே யாரும் நகையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதில்லை. காவலாளி விடமாட்டார் என்பது வேறு விஷயம்.

*

மேட்சிங் பிளவுஸ் வாங்கிய எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ரங்கநாதன் தெருக் கடையில் புடவையோடு ஒட்டிப் பார்த்தால் அச்சு அசல் அதே பச்சை. வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் விரித்தால் ஒன்று கிளிப்பச்சை, மற்றது பாசிப்பச்சை. கடைக்காரருக்குத் திட்டு விழும்.

பாவம், அவர்மேல் தப்பில்லை. நம் கண்ணில் நிறத்துக்கென்று இருப்பவை மூன்றே வகைக் கூம்புச் செல்கள். எத்தனை அலைநீளங்கள் கலந்து வந்தாலும் அவற்றை மூன்று அளவுகளாகச் சுருக்கித்தான் மூளைக்கு அனுப்புகின்றன. இரண்டு வேறு கலவைகள் அதே மூன்று அளவைத் தந்துவிட்டால் நமக்கு இரண்டும் ஒரே நிறம். கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் இரண்டு சாயங்களும் அப்படி ஒத்துப்போயின, வெயிலில் பிரிந்துவிட்டன. ஒத்துப்போனதும் உண்மை, பிரிந்ததும் உண்மை.

*

மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்பில் நீலம், விரிப்பில் பச்சை. இதன் நிஜ நிறம் என்ன என்று நெசவாளியிடம் கேட்டால் இரண்டு நூல்கண்டுகளை எடுத்துக் காட்டுவார். மயில் கழுத்து என்று ஒரு கண்டு அவரிடம் கிடையாது.

எம்.எஸ். ப்ளூ இன்னொரு வேடிக்கை. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம். இன்று பத்துக் கடைகளில் கேட்டால் பத்து நீலம் எடுத்துப் போடுவார்கள். வாங்க வந்தவரும் "இது இல்லீங்க" என்று உறுதியாகச் சொல்வார். அவர் மேடையில் நேரில் பார்த்த நீலமாக இருக்கலாம், பத்திரிகை அட்டையில் மங்கிப்போன நீலமாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குள் ஒரு எம்.எஸ். ப்ளூ இருக்கிறது. அதை எடுத்து மேஜைமேல் வைக்க வழியில்லை.

*

பெசன்ட் நகர் கடற்கரை, பௌர்ணமி. கடலுக்குமேல் தாம்பாளம் அளவு நிலா. எல்லாரும் செல்போனை எடுக்கிறார்கள், படத்தில் வந்து விழுவது ஒரு புள்ளி. போனைத் திட்டுகிறார்கள். போன் சொல்வதுதான் அளவு: கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் பாதிக்குள் நிலா அடங்கிவிடும். உச்சிக்கு வந்தபிறகும் அதே பாதிதான்.

*

ஒரு காகிதத்தில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதற்கு வலப்பக்கம் ஏழரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி காகிதத்தை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். முப்பது சென்டிமீட்டரை நெருங்கும்போது புள்ளி காணாமல் போகும். அங்கே ஓட்டையோ இருட்டோ தெரியாது, வெறும் வெள்ளைக் காகிதம்தான் தெரியும். பார்வை நரம்பு விழித்திரையைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்களே இல்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை ஒட்டுப்போட்டுவிடுகிறது.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு அரசவையில் ஆட்களின் தலையை மறைத்து விளையாடினாராம். சபா கேன்டீனில் முன்னால் நிற்பவரின் தலையை வைத்தும் செய்து பார்க்கலாம். வரிசை நகராத நேரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு.

*

மன்னர் கதையைப் பிரபலமாக்கியவர் நம் ஊர்க்காரர், வி.எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்தவர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். கலிபோர்னியாவில் கை இழந்தவர்களைச் சோதித்தபோது ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். அந்த ஆள், இல்லாத கையின் கட்டைவிரலைத் தொடுகிறீர்கள் என்றார். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். மூளையின் புறணியில் உடலுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் முகமும் கையும் பக்கத்து வீடுகள். கையிலிருந்து சேதி வருவது நின்றதும் முகத்தின் நரம்புகள் காலி வீட்டுக்குள் குடியேறிவிட்டன.

சிலருக்கு அந்த இல்லாத கை இறுக மூடியபடியே நின்றுவிடும், நகம் உள்ளங்கையில் குத்தும், வலி உயிரை வாங்கும். ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் விழும்படி செய்தார். நல்ல கையை விரித்தபோது இல்லாத கையும் விரிந்ததாகப் பலர் சொன்னார்கள். பொய்க் கையின் நிஜ வலிக்குப் பொய்ப் பிம்பம் மருந்து. இதைவிட மலிவான மருத்துவக் கருவியை நான் கேள்விப்பட்டதில்லை.

*

டிசம்பர் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்தால் தம்புராவில் அந்தர காந்தாரம் கேட்கும். காந்தாரத்துக்கு அங்கே தந்தி கிடையாது, எல்லாம் ப-வும் ச-வும்தான். மந்தர ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது ஹார்மானிக் அது. வளைந்த குதிரையும், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து அதைத் தூக்கிக் கொடுக்கின்றன. வீணை, தம்புராக் குதிரைகளின் இந்த வேலையைப் பற்றி சி.வி. ராமன் 1921இலேயே எழுதியிருக்கிறார். ஆக, தந்தியில் இல்லாத சுரம் காற்றில் இருக்கிறது.

அடுத்து பாடகர் தோடி எடுக்கிறார். இப்போது நேர் எதிர். தோடியின் காந்தாரத்தைக் கணினியில் போட்டுச் சுருதிக் கோடு வரைந்து பார்த்தால், அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், காந்தாரத்தின் இடத்தில் நிற்கவே நிற்காது. நிறுத்திப் பாடினால் அது தோடியாகவும் இருக்காது. டி.எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் 2012இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பிரச்சினையை எடுத்துப் பேசுகிறது: நம் இசையில் சுரம் என்பது ஒற்றை அதிர்வெண் இல்லை. ஆனால் மைலாப்பூர் மாமா ஒருவர் தொடையில் தாளம் போட்டபடி "காந்தாரத்துல நிக்கறான் பாரு" என்கிறார். காற்றில் நிற்காத காந்தாரம் அவர் காதில் நிற்கிறது. எத்தனை தோடி கேட்ட காது! பழக்கமில்லாத காதுக்கு அது வெறும் நடுக்கம்.

புலன் தருவது துப்பு மட்டும்தான், தீர்ப்பு நமக்குத் தெரியாமலே உள்ளே எழுதப்படுகிறது என்று ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னார். அவர் தோடி கேட்டிருந்தால் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும்.

*

தீர்ப்பு முந்திக்கொண்டு துப்பைத் தானே தயாரித்துக்கொண்டால் என்ன ஆகும்? அடையாற்றின் தென்கரையில் அதற்கு உதாரணம் இருக்கிறது. தியசாபிகல் சொசைட்டியின் அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் ஞானக்கண்ணால் தனிமங்களுக்குள் பார்த்து, படம் வரைந்து, 1908இல் நூலாக வெளியிட்டார்கள். தாங்கள் கண்ட கடைசித் துகளுக்கு வைத்த பெயர் 'அணு'. ஹைட்ரஜனில் 18 அணுக்கள். மற்ற தனிமங்களில் எண்ணியதை 18ஆல் வகுத்தால், அன்றைய வேதியியல் அட்டவணையில் இருந்த அணு எடை ஏறக்குறைய அப்படியே வந்தது. 1911இல் ரூதர்போர்டு அணுவுக்குள் கருவைக் கண்டார். இவர்கள் வரைந்த படங்களில் அதற்கு இடமே இல்லை.

புளுகு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியவர்கள். அட்டவணையைத் தெரிந்துகொண்டு எண்ணினார்கள், அவ்வளவுதான். (நியானின் கனமான ஐசோடோப்பைத் தேடிய ஆஸ்டன், 'மெட்டா நியான்' என்ற பெயரை இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். விஞ்ஞானிகளும் கண்டதைப் படிக்கிறவர்கள்தான்.)

1909இல் அதே லெட்பீட்டர் அடையாறு கடற்கரையில் ஒரு மெலிந்த சிறுவனைச் சுற்றி அபூர்வமான ஒளிவட்டம் கண்டார். மற்றவர்களுக்கு அவன் மந்தமான பையன். அந்தப் பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929இல், தன்னை உலககுருவாக வைத்து நடத்தப்பட்ட அமைப்பைத் தானே கலைத்தார். பிறகு கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் 1986 ஜனவரிவரை வந்து பேசினார். மரத்துக்கும் நமக்கும் நடுவே மரத்தைப் பற்றிய நம் நினைவுதான் நிற்கிறது என்பது அவர் விடாமல் சொன்ன விஷயம். ஒளிவட்டத்தோடு வளர்ந்தவருக்கு அதைச் சொல்ல முழு அதிகாரம் உண்டு.

*

ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து வெளியிட்டது. பெயர் 'தரணி'. செல் செல்லாகப் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரக்கு அரக்காகத் தெரிவது எப்படி என்ற கேள்விக்கு அதில் எந்தச் சீவலிலும் பதில் இல்லை. அதற்காக அதைக் குறைசொல்ல மாட்டேன். வரைபடம் இல்லாமல் தேட முடியாது.

*

1906இல் தொடங்கிய மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியை எப்போது கடந்தாலும் மஞ்சள் சங்கு ஞாபகம் வரும். பித்தம் ஏறியவனுக்கு வெள்ளைச் சங்கு மஞ்சளாகத் தெரிகிறது. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? வேதாந்தத்தில் இதற்கென்றே தனி வாதப் பகுதி உண்டு. அத்வைதி சொல்வது: தெரிகிறவரை இல்லை என்று சொல்ல முடியாது, தெளிந்தபின் இருந்தது என்றும் சொல்ல முடியாது. கயிற்றில் கண்ட பாம்புக்கும் அதே பதில். நம்மில் பலருக்குத் தெரிந்தது இந்தக் கட்சிதான்.

ராமானுஜர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் காட்சியும் உள்ள பொருளைத்தான் காட்டும் என்பது அவர் கட்சி, யதார்த்த கியாதி. சங்கில் கண்ட மஞ்சளும் நிஜ மஞ்சள்: கண்ணில் இருக்கும் பித்தம் பார்வைக் கதிரோடு போய்ச் சங்கின்மேல் படிகிறது, பொன் பூசிய சங்கு போல.

கண்ணிலிருந்து கதிர் எதுவும் போவதில்லை, ஒளிதான் உள்ளே வருகிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ராமானுஜர் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம். மஞ்சள் பொய்யில்லை, இடம்தான் மாறிப்போயிற்று. மேட்சிங் பிளவுஸுக்கும் இது பொருந்தும். இல்லாத கைக்கும் பொருந்தும், ஏனென்றால் கை புறணியில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் மறைந்த புள்ளியிடம் அவர் தோற்றுவிடுகிறார். அங்கே தெரியும் வெள்ளை எங்கிருந்தும் வந்ததில்லை, மூளை தானே போட்டது. அந்த ஓர் இடத்தை அத்வைதிக்குக் கொடுத்துவிடலாம்.

*

மஞ்சள் சங்கைப் பெரியம்மா வீட்டிலேயே பார்த்தேன். எழுபத்தெட்டு வயது. கண்புரைக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆகி, மறு கண்ணுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். கட்டு பிரித்ததிலிருந்து ஒரு கண்ணை மறைப்பதும் மறு கண்ணை மறைப்பதுமாக உட்கார்ந்திருக்கிறாள். "இந்தக் கண்ணுல பெரியப்பா வேட்டி வெள்ளை வெளேர்னு இருக்குடா. அந்தக் கண்ணுல டீயில முக்கி எடுத்தாப்ல." சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செல்வி நல்லாத்தான் தொவச்சிருக்கா. நான்தான் வருஷக்கணக்கா அவளைக் கரிச்சுக்கொட்டிருக்கேன்."

பீரோவைத் திறக்கச் சொன்னாள். ஓரத்தில் ஒரு பட்டுப்புடவை. கறுப்பாகிவிட்டது என்று நல்லநாள் விசேஷத்துக்குக் கட்டாமலே ஒதுக்கிவைத்தது. புதுக் கண்ணால் பார்த்தால் ஆழ்ந்த நீலம். அவள் கல்யாணத்துக்கு அடுத்த தீபாவளிக்கு எடுத்ததாம்.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும். மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள், 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கிவைத்த முறை. செயற்கை லென்ஸிலும் தெளிவானது ஒரு வகை, இயற்கை லென்ஸைப் போல லேசாக மஞ்சள் ஏற்றியது இன்னொரு வகை. பெரியப்பாவின் வேட்டி பெரியம்மாவுக்கு எவ்வளவு வெள்ளை என்பது அந்தத் தேர்வையும் பொறுத்தது. புதுக் கண்ணின் நீலப் பளிச்சும் நிலைக்காது. சில மாதங்களில் மூளை வெள்ளைக்கு ஒரு புதுக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்குக் காத்திருந்தால், அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள். ஒரு வெள்ளை வேட்டி, ஒரு நீலப் புடவை, ஓர் எலுமிச்சம்பழம் போதும். கண்ணைக் கையால் அழுத்தாமல் ஓர் அட்டையால் மாற்றி மாற்றி மறைத்துப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். இரண்டாவது கண்ணும் முடிந்துவிட்டால் அவர்களுக்கே ஒப்பிட்டுச் சொல்ல எதுவும் இருக்காது.