குல்மார்க் பனியில் காலுக்கு ஒரு கவசம்

தமிழில் பனி என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. இமயமலைச் சரிவில் முழங்காலளவு குவிந்து கிடக்கும் வெண்துகளும் பனி. சொல் ஒன்றாயினும் பொருள்கள் இரண்டும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை. தில்லியிலும் சண்டிகரிலும் பல தை மாதங்களைக் கண்ட நம்மவர்கள், ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் இருந்தால் குல்மார்க்குக்கும் போய் வந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. தலைக்கும் மார்புக்கும் வேண்டியதை நாம் மறப்பதில்லை, மறக்கப்படுவது கால்தான். அக்கால்களைக் கொண்டே பனிச்சறுக்குப் பழக வேண்டியிருக்கிறது என்பதால், இது பற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகிறோம்.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்வெளி. முன்னாளில் பார்வதி தேவியின் பெயரால் கௌரிமார்க் எனப்பட்டது என்றும், பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் அதற்கு மலர்வெளி எனப் பொருள்படும் இப்பெயரை இட்டார் என்றும் சொல்வர். கோடையில் மலர்களால் நிறைந்திருக்கும் இவ்வெளி, டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் 'சில்லை கலான்' என்னும் நாற்பது நாட் கடுங்குளிரில் முற்றிலும் வெண்மையாகிவிடும். ஆங்கிலேயர் 1927-இல் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். அன்று அவர்களுடைய விளையாட்டாக இருந்ததை இன்று நம் குழந்தைகளும் விரும்பிக் கற்கின்றனர்.

மலையேறுமுன் வரும் தங்மார்க் என்ற சிற்றூரில் நீண்ட மேலங்கிகளும் ரப்பர் பூட்ஸுகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கே வண்டியை விட்டு இறங்கும் பயணிகளைக் கவனித்தோம். பெரும்பாலோர் ஜீன்ஸ் அணிந்திருந்தனர். சிலர் அதனுள்ளே பருத்தித் தெர்மலும் அணிந்திருந்தனர். வாடகை அங்கி முழங்கால் வரை காக்கும். அதற்குக் கீழே காப்பு எது? இக்கேள்விக்கு விடையை அவ்வூர் மக்களின் உடையிலேயே கண்டோம்.

காஷ்மீரத்தார் அணியும் 'பிரன்' தொளதொளவென்ற கம்பளி அங்கி. அதனுள்ளே காங்கிரி என்னும் தணற்சட்டியை ஏந்திக்கொள்வர். அந்த அங்கி உடலை ஒட்டாமல் தொங்குவதில் ஒரு நுட்பம் உண்டு. துணி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் ஓடிவிடாமல் பிடித்துவைப்பது, துணிக்குள்ளும் துணிகளுக்கிடையிலும் அசையாமல் நிற்கும் காற்றே. அக்காற்று உலர்ந்திருக்கும் வரை நமக்குக் கதகதப்பு. அவ்விடத்தை ஈரம் பிடித்துக்கொண்டால் எத்தனை கனமான துணியும் பயனற்றதாகிவிடும். பனிச்சறுக்கு உடையின் இலக்கணம் முழுவதும் இவ்வளவே.

சறுக்குபவரின் காலுக்கு மூன்று அடுக்குகள் வேண்டும். தோலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய தெர்மல். வெளியடுக்கு, காற்றும் நீரும் புகாத காற்சட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே அசையாக் காற்றைத் தேக்கிவைப்பதுதான் நடு அடுக்குக் காற்சட்டை. வாடகைக்கு எடுக்கும் வெளிக்காற்சட்டைக்கு உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். வைத்திருந்தால் பல நாட்களில் நடு அடுக்கே தேவைப்படாது. வெறும் மழைத்துணி போல் மெல்லியதாயின் நடு அடுக்கு இன்றியமையாதது.

எதனால் ஆனதை வாங்குவது? பருத்தியை முதலிலேயே விலக்கிவிடுங்கள். சென்னை வெயிலில் வியர்வையை உறிஞ்சி நமக்கு நன்மை செய்யும் அதே குணம், பனியில் ஈரத்தைக் காலோடு கட்டிவைக்கும் தீமையாக மாறுகிறது. கம்பளி, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் வெப்பம் காக்கும். ஆனால் விலை அதிகம், உலரத் தாமதமாகும். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஃப்ளீஸ் என்னும் செயற்கை இழைத் துணி, நீரை மிகக் குறைவாகவே ஏற்று விரைவில் உலர்கிறது. அதில் 100, 200, 300 என்று கனத்துக்கேற்ப எண் இடுவதுண்டு. ஓயாமல் சறுக்குபவர் காலுக்கு 100 போதும். குளிர் எளிதில் தாக்கும் உடலினருக்கு 200 நன்று. செயற்கைப் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைக் காற்சட்டைகளும் கிடைக்கின்றன. பறவைத் தூவி நிரப்பியவை எடையில் இலேசானவை. எனினும் நனைந்தால் தூவி ஒட்டிச் சுருங்கிக் காப்பை இழந்துவிடும். அடிக்கடி விழுந்தெழும் புதியவருக்கு அது ஏற்றதாகாது.

விழுவது பற்றிச் சொல்ல வேண்டும். குல்மார்க் கிண்ணம் போன்ற வெளி. அதன் ஓரத்து மென்சரிவுகளில் புதியவர்கள் பயில்கின்றனர். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பனியில் அமர்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. சரிவில் பக்கவாட்டாக ஏறுகையில் தொடை உழைத்து வியர்க்கும். அமர்கையில் பனி உருகி நனைக்கும். ஆகவே இங்கே மிகைக் கனமும் தீங்கே. ஏறும்போது வியர்த்தவன், நிற்கும்போது நடுங்குவான்.

கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் மேலே செல்வோருக்குக் கணக்கு மாறுகிறது. 1998-இல் தொடங்கிய முதற்கட்டம் கோங்டூரி வரையிலும், 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலும் கொண்டுசேர்க்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறைவது பொதுவிதி. எனவே கீழ்வெளிக்கும் உச்சிக்கும் எட்டு டிகிரி வரை வேறுபாடு. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றும் வீசினால், திறந்த தோலுக்கு அது கழித்தல் இருபது போல் உறைக்கும். கோங்டூரியில் நாற்காலி ஊர்தியில் அமர்ந்தால் தொடைக்கடியில் துணி அழுந்துகிறது. அழுந்திய துணியில் காற்று இல்லை, காப்பும் இல்லை. கால்கள் வேறு அசையாமல் தொங்குகின்றன. உயரே செல்பவர் ஓரளவு கனத்த நடு அடுக்கை நாடுவது இதனாலேயே. அபர்வட் சரிவுகள் வழிகாட்டியோடு செல்லும் தேர்ந்தவர்களுக்கு உரியவை. பனிச்சரிவு அபாயமும் உண்டு.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகின்றனர். சறுக்குப் பூட்ஸ் கல்போல் கடினமானது. கெண்டைக்காலை இறுகப் பிடிப்பது. அதற்குள் மெல்லிய காலுறை ஒன்றைத் தவிர வேறெதுவும் நுழையலாகாது. மடிப்பு விழுந்தால் தோல் புண்ணாகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். ஆகவே பூட்ஸின் விளிம்புக்கு மேலேயே முடியும் முக்கால் நீளக் காற்சட்டையைத் தேடுங்கள். இருபுறமும் முழு நீளம் ஜிப் வைத்தவை கிடைத்தால் இன்னும் நன்று. வெயில் ஏறியதும் பூட்ஸைக் கழற்றாமலே அதை உருவிவிடலாம். வாங்கும் முன், மூன்று அடுக்கையும் அணிந்து ஆழமாக உட்கார்ந்தெழுந்து பாருங்கள். முழங்காலில் இழுத்தால் பெரிய அளவு வேண்டும். தொடையிடுக்கில் திரண்டால் சிறிய அளவு போதும்.

சறுக்காதவர்களை யாரும் நினைப்பதில்லை. மகன் சறுக்குவதைக் காண வேலியோரம் இரண்டு மணி நேரம் நிற்கும் தாய்க்கும், ஸ்லெட்ஜில் அமர்ந்து இழுத்துச் செல்லப்படும் பாட்டிக்கும் உழைப்பால் வரும் வெப்பம் சிறிதும் இல்லை. சறுக்குபவரைவிட அவர்களுக்கே கனமான நடு அடுக்கு வேண்டும். புடைவையை விட மனமில்லாதவர்கள் அதனுள்ளே தெர்மலும், 200 அல்லது 300 எண் ஃப்ளீஸ் காற்சட்டையும் அணிந்து, மேலே வாடகை அங்கியைப் போட்டுக்கொள்ளலாம். புடைவைக் கரை பனியில் புரளாதபடி உயர்த்திக் கட்டிக்கொள்வது அவசியம்.

குழந்தைகள் குளிர்கிறது என்று சொல்ல மாட்டார்கள். விளையாட்டு நின்றுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. மணிக்கு ஒரு முறை இடுப்புப் பட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் உள்ளே அழைத்துச் சென்று உடையை மாற்றுங்கள். கால்விரல் மரத்து வெளுத்திருந்தால் பனியால் தேய்க்கவோ தணலருகே காட்டவோ வேண்டா. வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரை நாடுங்கள்.

ஒரு வருஷத்தில் குழந்தைகளின் கால் நீண்டுவிடுகிறது. சென்ற ஆண்டின் காற்சட்டை பெட்டியில் உறங்குகிறது. நம் குடும்பங்களுக்குள் அவற்றை மாற்றிக்கொண்டால் செலவு பாதியாகும். நம் பெற்றோர் நமக்கு வெயிலில் வாழக் கற்பித்தனர். வெண்பனியைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அந்தப் பாடத்தை நாமே கற்று நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிப்ரவரி விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் பெட்டி கட்டும்போது, குல்லாயை எடுத்துவைத்த கையோடு காலுக்கானதையும் எடுத்துவைப்பார்களாக.