கொடி விழுந்தாச்சா?

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வீட்டில் பசு கன்று போட்டால் முதல் கேள்வி, "காளையா, கிடேரியா?" அடுத்த கேள்வி, "கொடி விழுந்தாச்சா?" விழுந்த இளங்கொடியை மாடு தின்றுவிடாமல் எடுத்து, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்று நம்பிக்கை.

விழாவிட்டால்தான் கஷ்டம். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவார்கள். கையை விட்டு உரித்தெடுக்க ஆளைக் கூட்டி வருவார்கள். அப்படி உரித்த பசு ஒன்று காய்ச்சல் கண்டு நாலாம் நாள் செத்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பால் விற்ற காசுதான் அரிசி. கொடி ஏன் தானாக விழவில்லை என்ற கேள்வி அன்றே மனதில் விழுந்தது. ஓய்வு பெற்றபின்தான் படிக்க நேரம் வாய்த்தது.

பசுவின் கருப்பையில் கொடி ஏறக்குறைய 70 முதல் 120 இடங்களில், பொத்தான் போட்டதுபோல் பொருந்தியிருக்கிறது. அந்தப் பிடிப்புக்கு முக்கியக் காரணம் கொலாஜன் என்ற புரதம். கன்று பிறக்கும் சமயத்தில் அதை வெட்டிவிட உடம்பிலேயே நொதிகள் உண்டு. அவை போதுமான அளவு வேலை செய்யாத மாடுகளில் கொடி தங்கிவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவில், தங்கிய கொடியின் ரத்தக்குழாய் வழியே கொலாஜனை வெட்டும் நொதியைச் செலுத்தி விழவைத்தும் காட்டினார்கள்.

இதே கத்தரிக்கோல் கரு உள்ளே ஊன்றுவதற்கும் வேண்டும். சுண்டெலிக்குக் கர்ப்பம் சுமார் 20 நாள்தான் என்பதால் அதில் இதை நாள்வாரியாகப் பார்த்திருக்கிறார்கள். நொதிக்கான மரபணு எல்லா செல்லிலும் இருக்கிறது. ஆனால் கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சுக்கொடியின் வெளிவிளிம்பில் உள்ள ராட்சத செல்களில் அது மும்முரமாக வேலை செய்கிறது. கருப்பைச் சுவரை வெட்டி இடம் பிடிக்கிறது. அதே நேரம் தாயின் பக்கத்தில் அந்த நொதியை அடக்கும் புரதமும் உருவாகிறது. நம்மூர் அணைக்கட்டு மாதிரிதான். தண்ணீர் வரவும் வேண்டும், வரம்பு மீறவும் கூடாது.

மனிதரிலும் கொடி சரியாக ஊன்றாவிட்டால் தாய்க்கு ரத்தக்கொதிப்பு வரலாம். அளவு மீறி ஊன்றினால் பிரசவத்தில் பிரியாமல் ரத்தப்போக்கு உண்டாகும். முன்பு சிசேரியன் செய்த தழும்பில் ஊன்றும்போது இந்த ஆபத்து அதிகம்.

மாடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே வெட்டு முடியாத கொடியை வெளியிலிருந்து இழுத்தால் கருப்பைதான் கிழியும். 12 மணி நேரத்துக்குள் விழவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் 1962-க்குப் போன் போடுங்கள்.